அம்சம் சிரிக்கும் படம்

கொத்தங்கரையில் அம்சத்துக்கு ரத்த சொந்தம் என்று ஒருவரும் கிடையாது. அவள் பிறந்தது வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பில். தங்கையனைக் கட்டிக்கொண்டு மன்னார்குடிக்குக் கிழக்கே இந்த ஊருக்கு வந்தபோது அவளுக்கு நாற்றுப் பறிக்கக்கூடத் தெரியாது. உப்பு வாரிப் பழகிய கை. சேற்றில் இறங்கினால் காலை எடுக்க முடியாமல் நின்றுவிடுவாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு வேம்பு மட்டும் சிரிக்காமல், கட்டி வைத்த நாற்று முடியை எப்படிப் பிரிப்பது, எந்த விரலால் ஊன்றுவது என்று பக்கத்திலேயே குனிந்து நின்று காட்டினாள். ஒரு குறுவை முடிவதற்குள் அம்சம் வரிசை பிசகாமல் நாற்று நடப் பழகிவிட்டாள். வேம்பு வயதில் இளையவள்தான். ஆனாலும் அம்சத்துக்கு அந்த ஊரில் தாய் வீடு என்று ஒன்று இருந்தது என்றால் அது வேம்புவின் வீடுதான்.

அவர்கள் இருந்தது தெற்குத் தெரு. பெயர்தான் தெரு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வயலுக்கு நடுவில் கொஞ்சம் மேடான இடத்தில் நெருக்கிக் கட்டிய கூரை வீடுகள். வீடு நின்ற மண்ணும் மிராசுதாருடையது, சுற்றியிருந்த வயலும் அவருடையது. தெரு முனையில் மூங்கில் கம்பத்தில் செங்கொடி பறந்தது. அது மட்டும் தெருவுடையது.

தங்கையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். அறுபத்தொன்பதில் சம்பா அறுப்புக்குக் கூலி பேசி முடியாமல், மிராசுதார் தரப்பு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கியது. தெற்குத் தெரு ஆட்கள் வரப்பில் போய் நின்றார்கள். தகராறில் தங்கையனுக்கு விலாவில் தடியடி விழுந்தது. வழக்கும் அவன் பேரில்தான் பதிவானது. சப்ஜெயிலிலிருந்து திரும்பி வந்தவன் இருமிக்கொண்டே இருந்தான். அடுத்த தை வருவதற்குள் போய்விட்டான்.

பிள்ளை இல்லை. வேதாரண்யத்திலிருந்து அண்ணன் வந்து கூப்பிட்டான். அம்சம் போகவில்லை. ஏன் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. காரியம் முடிகிற வரைக்கும் அவள் வீட்டில் அடுப்பே பற்றவைக்க வேண்டியிருக்கவில்லை. தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கஞ்சி கொண்டுவந்தார்கள். காலையில் வாய்க்காலுக்குப் போகும்போது வேம்பு வாசலில் நின்று, “அம்சக்கா” என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரலுக்கு அவள் எழுந்து போய்விடுவாள். அப்படியே ஒரு வருஷம் ஓடியது.

எழுபத்தொன்று மாசியில் தேர்தல் வந்தது. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஒரே நாளில் ஓட்டு. அதற்கு முந்தைய தேர்தல்களில் தெற்குத் தெருப் பெண்கள் ஓட்டுப் போட்ட விதம் வேறு. மிராசுதாரின் காரியஸ்தர் வண்டி அனுப்புவார். எந்தப் படத்தில் குத்த வேண்டும் என்று வண்டியிலேயே சொல்லிவிடுவார்கள். சில பேருக்கு, ‘உன் ஓட்டைப் போட்டாச்சு, வீட்டுக்குப் போ’ என்று பதில் வரும். இந்தத் தடவை வண்டி வேண்டாம், நாமே நடந்து போவோம் என்று சங்கத்தில் முடிவானது. ஆண்கள் சரி என்றார்கள். பெண்கள்தான் தயங்கினார்கள். ஓட்டுச்சாவடி மேலத்தெருப் பள்ளிக்கூடத்தில். அங்கே போக மிராசுதார் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். காலில் செருப்போடு அந்த வாசலை அவர்கள் தாண்டியது கிடையாது.

முதல் நாள் சாயங்காலம் வாய்க்கால் படித்துறையில் வேம்பு, தனக்குப் பயமாக இருக்கிறது, வரவில்லை என்றாள். எல்லோரும் சேர்ந்து போவோம், யாரும் யாரையும் விட வேண்டாம், நான் முன்னால் போகிறேன் என்று அம்சம் சொன்னாள். அவளுக்கும் பயம்தான். ஆனால் இழப்பதற்கு வீட்டில் ஆள் இல்லாதவள் என்று பார்த்தால் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

மறுநாள் காலை, உளுந்து காய்த்துக் கிடந்த வயல்களுக்கு நடுவே வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நடந்தார்கள். மேலத்தெருவுக்குள் நுழைந்ததும் வேம்பு அம்சத்தின் தோளில் கையை வைத்துக்கொண்டாள். வேம்புவின் தோளில் அவளுக்குப் பின்னால் வந்தவள் கை வைத்தாள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்கப் பிள்ளைகள் செய்வார்களே, அப்படி. பள்ளிக்கூட வாசலில் பூவரசு மரத்தடியில் காரியஸ்தர் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே மேஜையில் மை வைக்கிற ஆள் அம்சத்தின் இடது கையைப் பிடித்து விரலில் கோடு இழுத்தார். நடு வயது, மெலிந்த உடம்பு, கழுத்தில் சின்னச் சிலுவை. மை வைத்த பிறகும் அவர் கையை உடனே விடாமல், புருவத்தில் பழைய தழும்பு ஓடிய அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று அவளுக்குத் திக்கென்றது. இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள். முத்திரையைக் குத்தினாள். சீட்டைத் தப்பாக மடித்தால் மை இன்னொரு படத்தில் ஒட்டிக்கொண்டு செல்லாமல் போய்விடும் என்று செல்லதுரை பல தடவை சொல்லி அனுப்பியிருந்தான். செல்லதுரை தங்கையனுக்குப் பிறகு தெருவின் சங்கத்துக்குச் செயலாளர் ஆனவன். அவன் சொன்னபடியே மடித்து, ஒவ்வொரு பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. சுவர் ஓரமாக நின்று மற்றவர்கள் வருகிற வரைக்கும் காத்திருந்தாள். எல்லோரும் வந்த பிறகு சேர்ந்தே திரும்பினார்கள். வாய்க்காலைத் தாண்டிய பிறகுதான் யாரோ ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் முத்திரை குத்திய ஆள் தோற்றுப்போனார். ஆளுங்கட்சியே திரும்ப வந்தது. தெற்குத் தெருவில் அதைப் பற்றி ரொம்பப் பேசிக்கொள்ளவில்லை. போய் வந்ததே பெரிய காரியமாக இருந்தது.

மறு வருஷம் கோடையில் தஞ்சாவூரில் சங்க மாநாடு. செல்லதுரையும் இன்னும் சிலரும் போனார்கள். சாயங்காலம் பொருட்காட்சிக்குள்ளும் நுழைந்து பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்கள் வந்து இறங்கிய மறுநாள் காலையில் வேம்பு குரல் கொடுக்கவில்லை.

உடம்பு சரியில்லையோ என்று அம்சம் எட்டிப் பார்த்தாள். வீடு பூட்டியிருந்தது. வாய்க்காலில் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள், வேம்புவும் இருந்தாள். அம்சம் இறங்கியதும் பேச்சு நின்றது. அவள் துணியை அலசிவிட்டுக் கரையேறிய பிறகு மறுபடி பேச்சு தொடங்கியது அவள் காதில் விழுந்தது.

இரண்டு நாள் இப்படி. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், குறுவை நடவுக்கு ஆள் கூப்பிடுகிற நேரம். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவளே செல்லதுரை வீட்டுக்குப் போனாள். எப்போதும் அவன் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவான்.

“படத்துக்கு எப்ப போயி நின்னீங்க?” என்று கேட்டான். அண்ணி என்று சொல்லவில்லை.

அவளுக்கு விளங்கவில்லை. என்ன படம் என்று கேட்டாள். அவன் சொன்னான். பொருட்காட்சியில் அரசாங்கப் பந்தலின் முகப்பில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு படம் வைத்திருக்கிறார்கள். மக்களாட்சி என்று எழுதியிருக்கிறது. ஒரு பெண் ஓட்டுப் போடுகிறாள். அது அம்சம். புருவத்துத் தழும்பு முதற்கொண்டு அம்சம்தான். வெள்ளைச் சேலை, அதில் கறுப்பும் சிவப்புமாகக் கரை. பின்னால் சூரியன் உதிக்கிறது. இதைவிட ஆளுங்கட்சிக்கு என்ன விளம்பரம் வேண்டும் என்று கேட்டான். தங்கையன் பெண்டாட்டியை அப்படி நிற்கவைத்துவிட்டார்களே என்று மாநாட்டுக்கு வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்தார்களாம்.

“நான் எங்கயும் போயி நிக்கல தம்பி” என்றாள்.

அவன் தலைகுனிந்துகொண்டான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. குடியிருக்கிற மனைக்குப் பட்டா கொடுக்கும் சட்டம் வந்திருந்த சமயம் அது. தெற்குத் தெருவில் முதலில் பட்டா வந்த இரண்டு மூன்று பேரில் அம்சமும் ஒருத்தி. புருஷனில்லாதவள் என்று முன்னால் கொடுத்தார்களோ, தற்செயலோ, யாருக்குத் தெரியும். இப்போது அதையும் இதையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

ஆண்களுக்குச் சேலைக் கரைதான் பெரிதாக இருந்தது. பெண்களுக்கு அது ஒன்றுமே இல்லை. அவர்கள் பேசிக்கொண்டது வேறு. அன்று சாயங்காலம் வேம்புவை வழிமறித்துக் கேட்டபோதுதான் அது தெரிந்தது. வேம்பு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“பொட்டு வச்சிருக்கியாம்க்கா. தல நெறயப் பூவாம். சிரிச்சிக்கிட்டு நிக்கிறியாம்.”

அம்சம் தஞ்சாவூருக்குத் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. மன்னார்குடியில் பஸ் மாறி, வடுவூர் வழியாகப் போய் இறங்கி, ஆட்களை விசாரித்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பொருட்காட்சி முடிந்து பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கீற்றும் கழியும் குவிந்து கிடந்தன. படம் எங்கே என்று அவள் கேட்ட காவல்காரர் முதலில் புரியாமல் விழித்தார். பிறகு அவள் முகத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு மைதானத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார்.

மதில் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். மேலே போர்த்தியிருந்த சாக்கைக் காவல்காரர் இழுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அம்சம் அதுவரைக்கும் தன்னை முழுதாகப் பார்த்தது கிடையாது. வீட்டில் இருந்தது உள்ளங்கை அளவு கண்ணாடி. முதலில் அவளுக்குத் தோன்றியது, அழகாக இருக்கிறது என்றுதான். அப்படித் தோன்றியதற்காக உடனே கூச்சமாகவும் இருந்தது. தழும்பு சரியாக இருந்தது. தொங்கிப்போன காது மடல் சரியாக இருந்தது. விரலில் மைக்கோடு சரியாக இருந்தது. மற்றதெல்லாம் வேறு யாருடையதோ. அன்று அவள் கட்டியிருந்தது வெளுத்துப்போன கத்தரிப்பூ நிறச் சேலை. பெட்டி இரண்டு இருந்தன, படத்தில் ஒன்றுதான். தலையில் மல்லிகை. பற்கள் தெரியச் சிரிப்பு. தங்கையன் உயிரோடு இருந்த காலத்தில்கூட அவள் அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

பிறகு அவள் படத்தின் அருகில் போய்த் தன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். வேம்புவின் கை அங்கேதான் இருக்க வேண்டும். கை இல்லை. ஆளே இல்லை. பச்சை வயல் தூரத்துக்குப் போனது, அதற்கப்பால் சூரியன். ஒரு வேளை ஓரத்தில் சின்னதாகப் போட்டிருப்பார்களோ என்று நான்கு பக்கமும் தேடினாள். அத்தனை பெரிய படத்தில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

படம் போட்டவர் ஒரு பள்ளிக்கூடத்தின் டிராயிங் மாஸ்டர், மானம்புச்சாவடியில் வீடு என்று காவல்காரர் சொன்னார். பேர் அந்தோணிமுத்து.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மை வைத்த ஆள். அவருக்கும் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் மலர்ந்து, உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, நான் சொன்னேனே, அந்த அம்மா வந்திருக்காங்க, வந்து பார் என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்சம் உட்காராமல் சுவரோரம் நின்றாள். தேர்தல் வேலைக்கு வாத்தியார்களைப் போடுவது வழக்கம் என்றும், அப்படித்தான் கொத்தங்கரைக்கு வந்தேன் என்றும், அன்று முதல் ஆளாக அவள் வந்து நின்ற முகம் மனதை விட்டுப் போகவே இல்லை என்றும் அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை என்று கவனித்த பிறகுதான் நிறுத்தினார்.

“நான் தனியாப் போவலையே சார்” என்றாள் அம்சம். “எம் பின்னால எங்க தெருப் பொம்பளைங்க அத்தன பேரும் வந்தாங்க. அவுங்கள்லாம் எங்க?”

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். தூரத்திலிருந்து பார்க்கிற படம். நிறையப் பேரைப் போட்டால் முகமெல்லாம் பொடிப் பொடியாகப் போய்விடும். “ஒரு முகமா இருந்தாத்தாம்மா பாக்குறவங்க மனசுல நிக்கும்.”

“நிக்கிது சார். எங்க தெரு ஆளுங்க மனசுல நல்லா நிக்கிது.”

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். பூவையும் பொட்டையும் பற்றிச் சொல்லும்போது மட்டும், தங்கையன் செத்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது என்றாள். டிராயிங் மாஸ்டரின் மனைவி காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவளுக்காகப் போட்ட நாற்காலியில் அந்தோணிமுத்துவே உட்கார்ந்துகொண்டு சொன்னார். பந்தல் எடுத்த காண்ட்ராக்டர், பார்ப்பதற்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், முகத்தில் சிரிப்பு வேண்டும், கரை இந்த நிறத்தில் இருந்தால் மேலே இருக்கிறவர்கள் குளிர்ந்துபோவார்கள் என்று சொன்னாராம். தானும் சரி என்றுவிட்டதாகச் சொன்னார். கரையின் அர்த்தம் தனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த முகம் உண்மையில் ஒரு ஊரில் இருக்கிறது, அதற்கு அக்கம்பக்கம் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவில்லை.

திடீரென்று எழுந்து போய் ஒரு பெரிய காகிதத்தையும் கரித்துண்டையும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். சொல்லுங்க, உங்களுக்குப் பின்னால் யார் நின்றது என்று கேட்டார்.

அம்சம் சொன்னாள். வேம்பு. மாநிறம், அகல நெற்றி, பேசுவதற்கு முன்னால் கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். அவர் வரைந்தார். கரி ஓட ஓட ஒரு பெண் காகிதத்தில் வந்தாள். அகல நெற்றி இருந்தது, கடித்த உதடு இருந்தது. அம்சம் குனிந்து பார்த்தாள்.

“இது வேம்பு இல்ல சார்.”

அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதுவும் வேம்பு இல்லை. மூன்றாவதும் இல்லை. அவர் கரித்துண்டைக் கீழே வைத்தார்.

“அவங்க எல்லார் விரல்லயும் நான்தான் மை வச்சேன்” என்றார். “முகத்தப் பாத்தது உங்களது மட்டும்தாம்மா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேரே பஸ் ஏறிக் கொத்தங்கரைக்கு வருவதாகச் சொன்னார். சொன்னபடி வந்தார். பலகையும் காகிதச் சுருளும் கக்கத்தில் இருந்தன. கொடிக்கம்பத்துக்குக் கீழே செல்லதுரையும் நான்கைந்து பேரும் இருந்தார்கள். யார் அனுப்பி வந்தீர்கள் என்று செல்லதுரை கேட்டான். யாரும் அனுப்பவில்லை என்றார். இந்த அம்மா எனக்காக எங்கேயும் வந்து நிற்கவில்லை, அவர்களுக்குப் படத்தைப் பற்றித் தெரியவே தெரியாது, கரையும் பூவும் சிரிப்பும் நானாகப் போட்டது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கரையை மாற்றிவிடலாம் என்று மைதானத்துக்குப் போனதாகவும், அதற்குள் பலகையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுண்ணாம்பு அடித்து வேறு ஏதோ விளம்பரம் எழுதிவிட்டதாகவும் சொன்னார்.

செல்லதுரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அம்சத்தின் பக்கம் திரும்பி, “தப்பா நெனச்சிட்டேன் அண்ணி” என்றான். நேர்மையான ஆள் அவன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிராயிங் மாஸ்டர் காகிதத்தை விரித்து உட்கார்ந்தார். அன்று வந்த பெண்கள் ஒவ்வொருவராக எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், உள்ளபடியே போடுகிறேன் என்றார். ஒருத்தியும் வரவில்லை. வாசலில் நின்று பார்த்தார்கள். ஒரு படத்தால் ஒருத்திக்கு என்ன ஆகும் என்று கண்ணால் கண்டவர்கள் அவர்கள், வந்து உட்காருவார்களா? வேம்பு கதவருகில் கொஞ்ச நேரம் நின்றாள். அம்சம் அவளைப் பார்த்து ஒரு எட்டு எடுத்து வைத்தாள். வேம்பு உள்ளே போய்விட்டாள். வெயில் ஏறியதும் அந்தோணிமுத்து காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அம்சம் அவருக்கு நீர்மோர் கொடுத்து, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவரை அவள் பார்க்கவில்லை.

பொய் என்று தெரிந்த பிறகு எல்லாம் பழையபடி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை, ஒதுக்கவும் இல்லை. பேசினால் பதில் சொன்னார்கள். ஆனால் தானாக வந்து பேசுகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. நடவு கோஷ்டியில் அவள் இடத்தில் வேறு ஒருத்தி சேர்ந்துவிட்டாள். அவளை விலக்கிவிட்டு அம்சத்தை எப்படிச் சேர்ப்பது? அம்சமும் போய்க் கேட்கவில்லை. காலையில் எழுந்து வாசல் பக்கம் காது கொடுத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள். காலடிச் சத்தம் வீட்டைத் தாண்டிப் போகும். பெண்கள் குளித்துத் திரும்பிய பிறகு அவள் தனியாகப் போய்க் குளித்துவிட்டு வருவாள்.

அதன் பிறகு அவள் ஆற்றங்கரைப் பக்கம் கோரை அறுக்கிற வேலைக்குப் போனாள். பாய்க்காரர்களுக்கு அறுத்துக் கட்டிக் கொடுப்பது. ஒற்றை ஆளாகச் செய்யக்கூடிய வேலை. பகல் முழுக்கப் பேச ஆள் இருக்காது. சில நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போது, இன்று வாயே திறக்கவில்லை என்று அவளுக்கு உறைக்கும். அப்போது ‘அரிசி கழுவணும்’ என்றோ, ‘தண்ணி கொதிச்சிருச்சு’ என்றோ சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

வருஷங்கள் போயின. எழுபத்தேழில் இரண்டு தேர்தல் வந்தது. இரண்டுக்கும் அவள் போய் ஓட்டுப் போட்டாள். இப்போது மேலத்தெரு வழியாகப் போக யாரும் பயப்படவில்லை. அவரவர் வேலையை முடித்துக்கொண்டு அவரவர் நேரத்துக்குப் போனார்கள். தெற்குத் தெருவிலேயே மூன்று கட்சிக் கொடி பறந்தது. செல்லதுரையின் தம்பி வீட்டுக் கூரையில் கறுப்பு சிவப்புக் கொடி கட்டியிருந்தது. அதை ஒருவரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அம்சம் அதைத் தாண்டிப் போகும்போது நிமிர்ந்து ஒரு தடவை பார்ப்பாள். பிறகு நடந்துவிடுவாள்.

அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில்தான் பெரும் புயல் அடித்தது. தெற்குத் தெருவில் ஒரு கூரை மிச்சமில்லை. விடிந்ததும் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கினார்கள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்ததில் அம்சமும் வேம்புவும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள், சாப்பிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் வேம்பு கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அக்கா, அன்னிக்கி ஒன் தோள்ல கை வச்சிக்கிட்டு வந்தவ நானு. ஒனக்கு நடுங்குனது என் கையில தெரிஞ்சிச்சு. அந்தப் படம் பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா?” என்றாள் அம்சம்.

“தெரிஞ்சுதான். எல்லாரும் ஒரு பக்கமா இருந்தாங்க. நான் ஒருத்தி மட்டும் ஒங்கிட்ட வந்து நிக்கப் பயந்துட்டேன்.”

அம்சம் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். அது அவள் வாயில் வரவில்லை. கோபமும் வரவில்லை.

“அஞ்சு வருசம் ஆச்சு வேம்பு” என்றாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாயங்காலம் குளிர் தாங்காமல் இருவரும் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வயலெல்லாம் மணல் மேடிட்டுப்போய் அந்தப் போகத்தில் வேலை இல்லை. வேம்புவின் புருஷனுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு ஆள் வேண்டும் என்று சேதி வந்தது. தங்குவதற்குக் கொட்டகையும் உண்டு. மார்கழி பிறப்பதற்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள். அம்சம் ஒரு துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் போனாள். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ, பஸ் இருக்கிறது என்று வேம்பு சொன்னாள். வருகிறேன் என்றாள் அம்சம். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் வேம்பு அவள் கையை ஒரு கணம் பிடித்துவிட்டு ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பஸ் நகர்ந்தபோது அவள் முகம் தெரியவில்லை.

அம்சம் வீட்டுக்குத் திரும்பினாள். கூரை போடுவதற்கு என்று வாங்கிய கீற்று வாசலில் அடுக்கியிருந்தது. கீற்று வேய இரண்டு ஆள் வேண்டும், கீழே நின்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, மேலே ஒருவர் வைத்துக் கட்ட. அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு கீற்றைச் சட்டத்தின் மேல் வீசிவிட்டு, ஏறி அதை வைத்துக் கட்டினாள். இறங்கி அடுத்ததை வீசினாள். மறுபடி ஏறினாள். தெருவில் போன இரண்டொருவர் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். இருட்டுவதற்குள் தெற்குப் பக்கம் முடிந்தது. வடக்குப் பக்கத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கி, கையைக் கழுவிக்கொண்டு, உலை வைத்தாள்.